எந்த ஊர், தம்பி?

கள்ளக்குறிச்சியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்த விஷயம் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சென்னையிலிருந்து சேலத்துக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பக்கத்து சீட்டு ஆசாமி உங்கள் தோளில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பிப்பார் இல்லையா... கள்ளக்குறிச்சி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார். கலெக்டரோடு ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களோடு, டிரான்ஸ்பர் ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மாதிரி ஆட்களும் வந்து சேர்ந்தோம். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற ஊர். இங்கே செய்கிற மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஊர் பெயர் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது 2024 ஜூனில், கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதுதான். சில ஊர்களுக்கு அப்படி ஒரு ராசி.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று புதிதாக வந்த எவரும் கேட்பார்கள். இரண்டு பதில் உண்டு. ஒன்று, தியேட்டர். இன்னொன்று, கல்வராயன் மலை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் நீலமாகத் தெரியும். சேலம் ரோட்டில் சுமார் 16 கிலோ மீட்டரில் இருக்கிற சின்னசேலத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள்.

2025 மே மாதம் 17, 18. சனி, ஞாயிறு. முதல் நாள் மலைக்குப் போனேன். மறுநாள் சின்னசேலம் போனேன். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் காரணம்.

அவர் எங்கள் ஆபீஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர். 'வெள்ளையடிக்க' என்று சொன்னால் கோபம் வரும். "எமல்ஷன் சார்" என்று திருத்துவார். வயது 31. படிப்பு பி.காம். பிறந்தது சின்னசேலம் முகாமில். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"பி.காம் படிச்சிட்டு எதுக்குப்பா இந்த வேலை?" என்று எங்கள் சூப்பிரண்டு ஒருநாள் கேட்டார்.

"கவர்ன்மென்ட் வேலைக்கு சிட்டிசன்ஷிப் கேப்பாங்க சார். பிரஷ்ஷு கேக்காது" என்று சொல்லிவிட்டு, ஏணியில் ஏறிப் போய்விட்டார் தம்பி.

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிற ஆண்களில் நிறையப் பேர் பெயின்டர்கள். உங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதை அடித்தவர் கடல் கடந்து வந்த குடும்பமாக இருக்கலாம்.

*

சனிக்கிழமை காலை தம்பியின் பைக்கில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வழி. கோமுகி அணையில் ஒரு நிமிஷம் நின்று, டீ குடித்து, மலைப்பாதையைப் பிடித்தோம்.

கல்வராயனில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடி. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிற குளிர் இல்லை. ராத்திரி ஃபேன் இல்லாமல் தூங்கலாம், அவ்வளவுதான். ஆனால் கூட்டம் இல்லை. 'ஹோம் மேட் சாக்லேட்' கிடையாது. இந்தக் காலத்தில் இது பெரிய பாக்கியம்.

மேகம் அருவி என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று நூல் கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாலு இளைஞர்கள் அதன் கீழே ஒவ்வொருத்தராக, ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்று, தலையை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். கரியாலூரில் படகு விட்டிருக்கிறார்கள். வெள்ளிமலையில் தாலுகா ஆபீஸே இருக்கிறது. வழியெல்லாம் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்த கொல்லைகள். கடுக்காய் மரங்கள்.

மலையில் இருக்கிற ஜனங்கள் மலையாளி என்கிற பழங்குடியினர். மலையாளி என்றதும் கேரளாவுக்குப் போய்விடாதீர்கள். மலையில் வாழ்கிற ஆட்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது சுத்தமான தமிழ்.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது, எழுபத்தைந்து இருக்கும். பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க முன்னோருங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க" என்றார். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வந்தார்களாம். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மலைக்குப் போனார்களாம். ஏற்காடு, பச்சைமலை, கொல்லிமலை என்று எல்லா இடத்து மலையாளிகளும் இதே கதையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.

"எப்ப வந்தாங்க?"

"அது யாருக்குத் தெரியும்? எங்க தாத்தாவுக்கு அவரு தாத்தா சொன்னது."

"நீங்க காஞ்சிபுரம் போயிருக்கீங்களா?"

"எதுக்குப் போவணும்?" என்றார் பெரியவர், நிஜமான ஆச்சரியத்தோடு. "சேலமே ரெண்டு தபா தான் போயிருக்கேன்."

வேறு கதையும் சொன்னார். இந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியது. கல்வராயன் மலையை அரசாங்கம் ஜாகீர்தார்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 1976-ல். நடுவில் 29 வருஷம்! அதுவரைக்கும் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டும். பெரியவருடைய அப்பா உழைத்திருக்கிறார். பெரியவரும் சின்ன வயதில் உழைத்திருக்கிறார். அதைச் சொல்கிற கல்லோ பலகையோ மலையில் எங்கள் கண்ணில் படவில்லை. டீக்கடை பெஞ்சில்தான் இருக்கிறது.

தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஊரு தம்பி?"

"சின்னசேலம்ங்க."

"அது கீழ இருக்கற ஊரு. உன் பேச்சுல வேற என்னமோ ஒண்ணு கேக்குதே. உன் ஊரு எது?"

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மன்னாருங்க. கடலுக்கு அந்தப் பக்கம். சிலோன்."

"போயிருக்கியா?"

"இல்லீங்க. பொறந்தது இங்கதான்."

பெரியவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அப்ப நீயும் நானும் ஒண்ணு!"

எல்லோரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தார். ஆனால் இறங்கி வரும்போது, ஏழெட்டு வளைவுக்கு அப்புறம், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு இல்ல சார். அவரு முன்னோர் தானா வந்தாங்க. எங்கள அனுப்பிவிட்டுட்டாங்க. அவரு கதைய டீ குடிச்சுக்கிட்டு சொல்லலாம். எங்க கதைய எம் பொண்ணுக்கு எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல. ஆறு வயசு."

கொஞ்சம் கழித்து, "நாளைக்கு மே 18. எங்கம்மா கஞ்சி காய்ச்சுவாங்க. வர்றீங்களா?" என்றார்.

*

அந்தக் கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2009-ன் முதல் ஐந்து மாதங்கள். இலங்கையின் வன்னிப் பகுதியில் ராணுவம் முன்னேற முன்னேற, ஜனங்கள் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் என்கிற சின்ன மணல் திட்டில் போய் மாட்டிக்கொண்டார்கள். 'இங்கே சுட மாட்டோம்' என்று அரசாங்கமே அறிவித்த பகுதி அது. அங்கேதான் ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரிகள் மேலும் விழுந்தது. உள்ளே மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று உள்ளூர் அதிகாரிகள் சொல்ல, கொழும்பு ஒரு லட்சம்கூட இல்லை என்றது. குறைந்த கணக்குக்குக் குறைந்த அரிசிதானே வரும்? சண்டை முடிந்து வெளியே வந்து முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,90,000 பேர். யார் கணக்கு சரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியிருந்த அரிசியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, பெரிய சட்டிகளில் ஊற்றினார்கள். அதற்கு வரிசை. அந்த வரிசைகளிலும் ஷெல் விழுந்தது. 2009 மே 18-ல் எல்லாம் முடிந்தது.

எத்தனை பேர் செத்தார்கள்? ஐ.நா. செயலாளர் நியமித்த நிபுணர் குழு, 2011-ல், கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012-ல் ஐ.நா.வின் இன்னொரு உள் ஆய்வு 70,000 வரை போகலாம் என்றது. மன்னார் ஆயராக இருந்த ராயப்பு ஜோசப், அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கழித்துப் பார்த்து, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று விசாரணை ஆணைக்குழுவிடமே 2011-ல் சொன்னார். ஜனங்களை வெளியே விடாமல் தடுத்ததற்காகவும், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததற்காகவும் அதே நிபுணர் குழு புலிகளையும் குற்றம் சாட்டியது. இரண்டு பக்கமும் அடைத்த கூண்டு அது.

மே 18 வந்தால் அந்த உப்புக் கஞ்சியைக் காய்ச்சிக் குடிப்பது ஈழத்தமிழர்கள் இருக்கிற இடமெல்லாம் வழக்கமாகிவிட்டது. அதற்கும் இடைஞ்சல் உண்டு. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில், கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உள்பட நாலு பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கஞ்சிக்கு! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வைத்த நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். உலகமெல்லாம் சத்தம் கிளம்பி, அதே வருஷம் ஏப்ரலில் திரும்பக் கட்டினார்கள்.

நம் ஊர் மட்டும் என்ன? தஞ்சாவூர் பக்கம் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் 2013 நவம்பரில் திறந்தார்கள்; திறந்த சில நாட்களில் சுற்றுச்சுவருக்கு புல்டோசர் வந்தது. 2017 மே மாதம் மெரினாவில் மெழுகுவத்தி ஏற்றப் போனவர்களில் சிலர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. அந்த செப்டம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்தது.

*

ஞாயிறு காலை சின்னசேலம். முகாமுக்குள் வெளியாள் போக அனுமதி வாங்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், நாங்களே வர்றோம்" என்றிருந்தார் தம்பி. ரோட்டோரம் ஒரு புளியமரம். அதன் கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடியிருந்தது. பெஞ்ச் மட்டும் திறந்திருந்தது.

தம்பி, தம்பியின் அம்மா, தம்பியின் பெண். அம்மா கையில் எவர்சில்வர் தூக்கு. மூன்று டம்ளர் போதாது என்று நாலாவதாக ஒரு சின்னக் கிண்ணம்.

"இருங்கோ தம்பி" என்றார் அம்மா. இருப்பது பெஞ்ச் ஒன்றுதான் என்றாலும் அதைத் துண்டால் தட்டிக் கொடுத்தார்.

1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது மன்னாரிலிருந்து வள்ளம் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். வயது அப்போது 25. மண்டபம் முகாம். அங்கிருந்து லாரியில் ஏற்றி சின்னசேலம். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் வந்தவர்கள் ஒரு அலை என்றால், 1990 இரண்டாவது அலை. கல்யாணம், பிள்ளைகள், புருஷன் சாவு, பேத்தி எல்லாம் இங்கேதான். 35 வருஷம்.

அவருடைய தங்கை வரவில்லை. வன்னியில் கல்யாணம் ஆகிப் போனவர். புருஷன், இரண்டு பிள்ளைகளோடு முள்ளிவாய்க்கால் வரை போனார்.

குழந்தை புளியங்காய் பொறுக்கப் போன நேரம் பார்த்து, அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கஞ்சிக்கு வரிசையில நிண்டவள் தம்பி. மூத்த பொடியன்தான் கூட நிண்டவன். சட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

தூக்கைத் திறந்து ஊற்றினார். வெறும் அரிசி, தண்ணீர், உப்பு. பால் இல்லை, பயறு இல்லை, தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட இல்லை. குழந்தை திரும்பி வந்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தது. கள்ளக்குறிச்சி பள்ளிக்கூடத் தமிழில் கேட்டது:

"இன்னா அப்பம்மா, சக்கரை போட மறந்துட்டியா?"

"மறக்கேல்லை. மறக்கக்கூடாதெண்டுதான் போடேல்லை."

"என்னாத்த மறக்கக்கூடாது?"

தம்பி என்னைப் பார்த்தார். முந்தின நாள் பைக்கில் சொன்ன கேள்வி இதுதான். ஷெல்லைச் சொல்வதா? எண்ணிக்கை சொல்வதா? யார் சுட்டது என்று சொல்வதா? அம்மாவுக்கு அந்தத் திண்டாட்டம் எதுவும் இல்லை.

"உன்ர அப்பாவுக்கு ஒரு சின்னம்மா இருந்தவ. பசியோட வரிசையில நிண்டவ. அவவுக்குக் கஞ்சி கிடைக்கேல்லை. அதால நாங்கள் இண்டைக்கு அவவுக்காகக் குடிக்கிறம். விளங்குதே?"

குழந்தை யோசித்தது. அப்புறம் கிண்ணத்தை நீட்டியது. "அப்ப அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."

*

தம்பியின் செல்போனில் வாட்ஸ்ஆப் சத்தம். கனடாவிலிருந்து வீடியோ. அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பையன்தான். இப்போது பிராம்டனில் லாரி ஓட்டுகிறார். "பெரியம்மா, பாருங்கோ" என்று குரல். பெரிய பார்க். வெயில். ஏகப்பட்ட ஜனம். நடுவில் புதிதாகத் திறந்த நினைவுச் சின்னம்.

பிராம்டன் நகரம், சிங்குவாகூசி பார்க்கில், தமிழ் இனப்படுகொலை நினைவுச் சின்னத்தை 2025 மே 10-ல் திறந்தது. நாலு நாளில் இலங்கை வெளியுறவு அமைச்சர் கனடா தூதரைக் கூப்பிட்டு ஆட்சேபம் தெரிவித்தார். அதற்கு முன்பே, 2021-ல், ஒன்டாரியோ மாகாணம் மே 12 முதல் 18 வரை தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம் என்று சட்டம் போட்டுவிட்டது. 2022 மே 18-ல் கனடா நாடாளுமன்றம், இந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரி 10-லேயே, நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டிருந்தது. இலங்கை அரசு இன்றுவரை மறுக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இனப்படுகொலை என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையே 1944 வரை கிடையாது. ரஃபேல் லெம்கின் என்கிற யூத வக்கீல் உட்கார்ந்து உண்டாக்கினார். 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. அதை ஒப்பந்தமாக்கியது. ஒரு கூட்டத்தை, அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிக்க நினைப்பது என்று பொருள். கொன்றது மட்டும் போதாது, நினைத்தது என்பதை நிரூபிக்க வேண்டும். அதனால்தான் நாடுகள் அந்த வார்த்தையைச் சொல்ல இவ்வளவு தயங்குகின்றன.

சென்னை ஆட்களுக்கு ஒரு உதாரணம். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பதைத்தான் நம் ஜனங்கள் அப்படி அழகாக மாற்றிவிட்டார்கள். 1772-ல் கட்டிய ஆர்மீனியர் சர்ச் இன்னும் இருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அந்த ஆர்மீனியர்களை 1915-ல் துருக்கி ஒட்டோமான் அரசு லட்சக்கணக்கில் கொன்றது. தப்பியவர்கள் உலகமெல்லாம் சிதறினார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 24-ம் எங்கே இருந்தாலும் கூடினார்கள், சொன்னார்கள், பிள்ளைகளையும் சொல்ல வைத்தார்கள். 'ஆமாம், அது இனப்படுகொலைதான்' என்று ஏப்ரல் 24 அறிக்கையில் அமெரிக்க அதிபர் பைடன் எழுதியது 2021-ல். 106 வருஷம்!

இதை அம்மாவிடம் சொன்னேன். கஞ்சி டம்ளரைப் பிடித்தபடி விரல் விட்டு எண்ணினார்.

"நூற்றி ஆறோ? எங்களுக்குப் பதினாறுதானே தம்பி ஆகுது" என்றார்.

ஆர்மீனியர்களுக்காவது குடியேறிய நாடுகளில் ஓட்டு இருந்தது. பிராம்டன் பையனுக்கும் இருக்கிறது. அவர் ஓட்டுக்காக மேயர் பார்க்குக்கு வருகிறார், எம்.பி. தீர்மானம் கொண்டு வருகிறார். சின்னசேலத்தில் இருக்கிற அண்ணனுக்கு இல்லை. ஒரே குடும்பம், ஒரே சாவு. ஒருவர் சிலை திறக்கிறார். மற்றவர் மூடிய சைக்கிள் கடை வாசலில் கஞ்சி குடிக்கிறார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மே 18-க்கு மூன்று நாள் கழித்து மே 21. 1991-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட நாள். அதற்கு முன்னால் இவர்களைச் சோறு போட்டு வரவேற்ற தமிழ்நாடு, அதற்குப் பின்னால் வீடு வாடகைக்குக் கொடுக்கவே யோசித்தது. யாரோ செய்ததற்கு முகாமில் இருந்த குழந்தைகள் வரைக்கும் தலைகுனிந்து நடந்தார்கள். "மே மாசம் வந்தா நாங்க சத்தமா அழவும் மாட்டோம் சார், சத்தமா சிரிக்கவும் மாட்டோம்" என்றார் தம்பி.

முகாம் நிலைமை முன்பு மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. மாதப் பணத்தையும் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தியது. அப்போதைய கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

குடியுரிமை மட்டும் டெல்லி சமாசாரம். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது; இலங்கை இல்லை. இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்திருந்தால், பிறப்பினாலேயே இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அதை வைத்து மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். தம்பி பிறந்தது 1994.

"எங்கம்மா என்னை ஏழு வருஷம் முன்னாடியே பெத்திருக்கணும் சார்" என்றார் தம்பி. "ஆனா அப்ப அவங்களுக்குக் கல்யாணமே ஆகல."

அம்மா தூக்கு மூடியால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

*

கல்வராயன் மலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் இருக்கிறது. பைக் என்றால் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருவியில் குளிக்க ஆசையிருந்தால் மழை முடிந்த கையோடு போங்கள். மே மாதம் போனால் தலை மட்டும்தான் நனையும். தேன், சாமை வாங்கலாம். பேரம் பேசாமல் வாங்குங்கள். காலி பாட்டிலை மலையில் போடாதீர்கள்.

சின்னசேலத்துக்கு: போக வேண்டாம். முகாம் என்பது சுற்றுலாத் தலம் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பதற்காக அவர்கள் கடல் தாண்டி வரவில்லை. அங்கே போகத் தேவையும் இல்லை. திருச்சி, மதுரை, சேலம், திருவள்ளூர் என்று உங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு முகாம் இருக்கும். உங்கள் வீட்டுக்கு எமல்ஷன் அடிக்க வருவார்கள். ஆபீஸுக்கு ஏ.சி. மாட்ட வருவார்கள். டீ வாங்கிக் கொடுத்து, "எந்த ஊர், தம்பி?" என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டி என்பார்கள். கொட்டப்பட்டு என்பார்கள். சின்னசேலம் என்பார்கள்.

எழுந்து போய்விடாதீர்கள். இன்னொரு ஊர் பெயர் வரும்.